வண்டி கழித்த எடை

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், செருப்பைக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு மேடைத் தராசு பதிந்திருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கொழுந்துச் சாக்குகளை நிறுத்துப் பார்த்த தராசு அது. பச்சைப் பெயின்ட் உரிந்து உள்ளேயிருக்கும் பழைய சிவப்பு தெரிகிறது. மழைக்காலத்தில் எவ்வளவு துடைத்தாலும் அதன் இடுக்கிலிருந்து ஒரு வாடை வரும். வாடிய கொழுந்தின் வாடை என்று நான் சொல்வேன், துருவின் வாடை என்று மற்றவர்கள் சொல்வார்கள். புதிதாக வரும் டாக்டர்கள் முதல் நாளே அதில் கால் தடுக்கி, "இது எதுக்கு சிஸ்டர் இங்க?" என்று கேட்பார்கள். கேட்காத டாக்டரைத்தான் நான் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்வேன். அந்தத் தராசை இங்கே கொண்டுவந்து போட்டவரை நாங்கள் மருந்து மிஸ் என்று கூப்பிட்டோம்.

மருந்து மிஸ் எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்தாளர்களில் ஒருவர். ராகலை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்து மகள். கல்லாவுக்கும் தராசுக்கும் நடுவில் வளர்ந்தவர் என்பது அவர் வாயைத் திறந்தாலே தெரியும். மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் மூன்று பேருக்கும் பதில் சொல்வார், மூன்றிலும் ஒரு அதட்டல் இருக்கும். பேச்சு நீண்டால், "சரி சரி, கடையில ஆள் நிக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் ஏது கடை? ஆனாலும் அப்படித்தான் சொல்வார். நான் இந்தப் பிரிவின் பொறுப்பு நர்ஸ்; நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை. கடைக்கார வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. ஆகவே அவர் எங்கள் பிரிவுக்கு வந்த புதிதில் எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. அவருக்கும் என்னை அப்படித்தான் இருந்திருக்கும்.

அவரை எங்களிடம் அனுப்பியது பெரிய டாக்டர். எங்கள் பிரிவின் பொறுப்பு வைத்தியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மருந்து எழுதுவதை டாக்டர்மாருக்குச் சரியாகப் பழக்கிக் கொடுக்க வேண்டும், அதுதான் மிஸ்ஸுக்கு இட்ட வேலை. டாக்டர்மாருக்கா, மருந்து எழுதவா என்று வெளியாட்கள் சிரிக்கலாம். எங்கள் பிரிவில் ஒரு நாள் நின்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். இளம் டாக்டர்கள் கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் வருவார்கள், பழகி முடிவதற்குள் மாற்றம் வாங்கிப் போய்விடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் வாயில் குழாயும் கையில் ஊசியுமாக மயங்கிக் கிடக்கும் நோயாளியை எழுப்பித் தராசில் நிறுத்த முடியுமா? எடை என்ற இடத்தில் குத்துமதிப்பாக அறுபது என்று எழுதிவிடுவார்கள். படித்த புத்தகத்தில் மனிதன் என்றால் அறுபது, எழுபது கிலோ. எங்கள் மலைகளில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கும் பெண்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்ட மாட்டார்கள். தூங்க வைக்கிற மருந்து, இரத்தம் உறையாமல் பார்க்கிற மருந்து, கிருமியைக் கொல்கிற மருந்து என்று இங்கே பலதுக்கும் எடைதான் கணக்கு. சிறுநீரகம் பழுதாகிக் கிடப்பவருக்கோ உள்ளே போன மருந்து வெளியே போகவும் வழியில்லை. சாப்பாட்டு மண்டபச் சுவரில் 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டே எல்லாரும் சோறு தின்றோம்.

மிஸ்ஸின் முதல் முயற்சி படுதோல்வி. மேல்மாடி மண்டபத்தில் திரை கட்டி, படம் போட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். சாப்பாட்டுப் பார்சல் உண்டு என்று சொன்னதால் கூட்டம் வந்தது. பார்சல் முடிந்ததும் கூட்டமும் முடிந்தது. அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்தார். காலையில் வந்து ஒவ்வொரு கட்டிலின் மருந்துத் தாளிலும் தப்பு என்று கண்டதையெல்லாம் வட்டம் போட்டார். வட்டம் போட்டதோடு விட்டாலும் பரவாயில்லை. நோயாளியின் சொந்தக்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போதே ஒரு இளம் டாக்டரைப் பிடித்து, "இது என்ன கணக்கு? யாருக்கு எழுதினீங்க, யானைக்கா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து டாக்டர்மார் ஒரு வேலை செய்தார்கள். மிஸ் வந்து போகும் வரைக்கும் பேனாவைத் தொடவில்லை. அவர் படியிறங்கிய பிறகு மளமளவென்று எழுதினார்கள். திருந்துவதற்குப் பதிலாக ஒளியக் கற்றுக்கொண்டார்கள்.

நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் என் அறைக்குக் கூப்பிட்டு, பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "மிஸ், சில்லறை தப்பாக் குடுத்த கடைப் பையனைத் திட்டுற மாதிரி திட்டுறீங்க. அவங்க டாக்டருங்க. உங்களுக்கு ஒளிச்சு எழுதுறாங்க, அது தெரியுமா?" அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று அவர் என்னிடமே பழமொழி பேசினார். "அடிச்சுப் பாத்தாச்சுல்ல, என்னா உதவிச்சு?" என்று கேட்டேன். அவருக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது. பிளேன்டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை.

திரும்பி வந்தபோது சிவப்புப் பேனா இல்லை. காலையில் நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும்போது டாக்டர்மாரோடு தானும் நடக்க ஆரம்பித்தார். யாரையும் திருத்தவில்லை. ஒரு மருந்தை எழுதுவதற்கு முன் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். "எங்க கடைக்கு வர்ற ஆளு சும்மா சீனி குடுன்னு கேக்க மாட்டாருங்க டாக்டர். எதுக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு, எல்லாஞ் சொல்லித்தான் கேப்பாரு. நீங்களும் அப்படிக் கேளுங்க, நான் கட்டித் தாரேன்." அதையே சிங்களத்திலும் சொல்வார். ராகலைச் சந்தையில் மரக்கறி வியாபாரிகளோடு பேசிய சிங்களம், அதற்கும் அதட்டல் உண்டு. டாக்டர்மாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்கள். சொல்லும்போதே பாதித் தப்பு அவர்கள் காதிலேயே விழுந்துவிடும். "சாரி, நாளைக்கு நிப்பாட்டலாம்" என்று அவர்களே திருத்திக்கொள்வார்கள். இன்னொரு விதியும் போட்டார், அதுதான் பெரிய வில்லங்கம். எழுதுகிற டாக்டர், எழுதுமுன் ஒரு தடவையாவது நர்ஸ்களோடு சேர்ந்து அந்த நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூட்டையைக் கையால் தூக்கிப் பார்க்காதவனுக்கு வியாபாரம் வராது என்பது அவருடைய கட்சி. டாக்டர்மார் முணுமுணுத்தார்கள். பெரிய டாக்டரே ஒரு நாள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புரட்ட வந்ததும் முணுமுணுப்பு நின்றது.

அப்புறம்தான் தராசு வந்தது. மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையில் சும்மா துருப்பிடித்ததை, அப்பாவின் பழைய பழக்கத்தைப் பிடித்து வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். சரி பார்க்கும் ஆட்களைக் கூப்பிட்டு முத்திரையும் வாங்கினார். நோயாளியைத் தள்ளுவண்டியோடு அதில் ஏற்றுவது, வரும் எடையில் வண்டியின் எடையைக் கழிப்பது, ஒட்சிசன் சிலிண்டரையும் கம்பளியையும் கழிப்பது. மிச்சம்தான் நோயாளி. இந்த வேலை எங்கள் அட்டென்டன் அண்ணனுக்குப் போனது. ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். வண்டியைத் தராசில் ஏற்றி, எடையைப் பார்த்து, கழித்து, உள்ளே வந்து எங்களுக்கு ஒரு எண்ணைச் சொல்வார். நாங்கள் எழுதிக்கொள்வோம். அறுபது என்ற எண்ணே எங்கள் தாள்களிலிருந்து காணாமல் போனது. மிஸ் இரண்டு அங்குலம் உயர்ந்த மாதிரி நடந்தார். நடக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குளவி கொட்டிய அம்மா வந்தார். மலையில் கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடிக்குள் இருந்த கூடு கலைந்துவிட்டது. அவருடைய கணவர் எங்கள் வாசலில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்று சொன்னார்: "மலையில இவதாங்க மொதல்ல கேப்பா. குளவி இரையுற சத்தம் இவளுக்குத்தான் மொதல்ல கேக்கும். இவ கத்துனா எல்லாரும் படுத்துருவாங்க. அன்னைக்கும் இவதான் கத்துனா. எல்லாரும் தப்பிச்சிட்டாங்க, இவ மாட்டிக்கிட்டா." உடம்பெல்லாம் வீங்கி, முகம் தெரியாமல் கிடந்தார் அந்த அம்மா. குளவி விஷம் சிறுநீரகத்தைப் பிடித்தது. இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்தோம். அது தேறும் என்று இருக்கும்போது இரத்தத்தில் கிருமி ஏறியது. மற்ற மருந்துகள் அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை. மிஞ்சியது அமிக்கசின் என்ற ஊசி. நல்ல மருந்து, பொல்லாத மருந்து. அளவு கூடினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், காதைச் செவிடாக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே படுத்துவிட்ட ஆளுக்கு அதை எழுதுவது கயிற்றில் நடப்பதுதான். பெரிய டாக்டரும் மிஸ்ஸும் நெடுநேரம் பேசி, வேறு வழியில்லை, எடைக்கு ஏற்ற அளவு மட்டும், ஊசிக்கு ஊசி நாள் தள்ளி என்று முடிவு செய்தார்கள்.

எழுதியது காலியிலிருந்து வந்திருந்த சின்ன டாக்டர். மிஸ்ஸிடம் ஆரம்பத்தில் யானைக்கு எழுதினீர்களா என்று ஏச்சு வாங்கியவர் அவர்தான். எதற்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று எல்லாம் வாய்விட்டுச் சொன்னார். எடை ஐம்பத்தொன்று என்று தாளில் இருந்தது, வீக்கமும் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் ஊசி போட்டோம். அடுத்த ஊசிக்கான நாள் வந்தபோது வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. விதிப்படி சின்ன டாக்டர் எங்களோடு சேர்ந்து அந்த அம்மாவைப் புரட்டக் கை கொடுத்தார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், "சிஸ்டர், இவங்க ஐம்பத்தொரு கிலோவா? எங்க தங்கச்சி இதைவிடக் கனம், அவ ஸ்கூல் போற பிள்ளை." பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மறுபடி எடை பார்க்காமல் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வண்டியை நானே தள்ளிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் முப்பத்தெட்டு. வடிந்த வீக்கத்துக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்தாலும் கணக்கு எங்கேயோ உதைத்தது.

அட்டென்டன் அண்ணனைக் கூப்பிட்டு மிஸ் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம். "வண்டியைக் கழிச்சேன் மிஸ். சிலிண்டரைக் கழிக்கல்ல, கம்பளியைக் கழிக்கல்ல. ஒரு தடவை கழிச்சாப் போதாதா? எங்கம்மா கொழுந்து நிறுக்கப் போனா சாக்குக்குக் கழிப்பாங்க, ஈரத்துக்குக் கழிப்பாங்க, முத்தல் இருக்குன்னு கழிப்பாங்க. பெத்தவ எடுத்த கொழுந்து பாதி கணக்குல வராது. இங்கயும் இந்தப் பொம்பளைங்கள ஏத்தி வச்சு கழி கழின்னா, கையி வரல்ல மிஸ். இருக்கட்டும், கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமேன்னு..." என் அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர்தான். கணக்கப்பிள்ளை சொல்லும் எண்ணைக் கேட்டு, வாயைத் திறக்காமல் வெறும் சாக்கை உதறிக்கொண்டு திரும்பி வருவார்.

மிஸ்ஸின் வாயை நான் அறிவேன். இந்த ஆளை இப்போது பிழிந்து காயப்போடப் போகிறார் என்று எழுந்தேன். அவரோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "டாக்டருக்குச் சொல்லிக் குடுத்தேன், நர்ஸுக்குச் சொல்லிக் குடுத்தேன். எடை போடுறவருக்கு அது எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல்ல சிஸ்டர். ஏத்துங்க, கழிங்கன்னு கங்காணி மாதிரிச் சொன்னேன். எனக்கெல்லாம் என்னத்துக்குப் படிப்பு?" தராசு வந்த பிறகு எங்களிடம் இருந்து போன நோயாளிகள் எல்லாரையும் ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தார். மற்றவர்களுக்குக் கெடுதல் நடந்ததாகத் தெரியவில்லை. சிலரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை, அது அவரைக் கடைசி வரை அரித்தது.

அடுத்த நாள் காலை டாக்டர்மாரோடு அட்டென்டன் அண்ணனும் கட்டிலைச் சுற்றி நின்றார். மிஸ்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார். சின்ன டாக்டர் நகர்ந்து இடம் கொடுத்தார். மிஸ் ஒரு ஊசிக் குழாயில் வெறும் தண்ணீரை முப்பத்தெட்டுக்கு எடுத்தார், இன்னொன்றில் ஐம்பத்தொன்றுக்கு எடுத்தார். இரண்டையும் அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார். "அண்ணே, தோட்டத்துல கிலோ கூடுனா அது நம்ம கூலி. இங்க கிலோ கூடுனா அது கூலி இல்லண்ணே, மருந்து. நீங்க அள்ளிக் குடுத்தது அவங்க காதுக்குள்ள போகுது." அண்ணன் இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். கும்பிடப்போன கையை மிஸ் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணன் எண்ணை வந்து காதில் சொல்வதை விட்டுவிட்டார். வாசலில் நின்றே, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது போல உரக்கச் சொல்வார்: "வண்டி கழிச்சாச்சு! சிலிண்டர் கழிச்சாச்சு! கம்பளி கழிச்சாச்சு!" அப்புறம்தான் எடை. அதிர்ந்து பேசாத மனிதருக்கு அப்படியொரு குரல் எங்கே இருந்தது என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம்.

குளவி கொட்டிய அம்மா பிழைத்துக்கொண்டார். சரியான அளவில் ஊசி தொடர்ந்தது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்தினோம். சிறுநீர் போக ஆரம்பித்த அன்று பெரிய டாக்டர் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். மிஸ் மட்டும் வடையைத் தொடவில்லை. குழாயை எடுத்த பிறகு அந்த அம்மா பேசிய முதல் வார்த்தைகளில் ஒன்று, "காதுக்குள்ள இரையுதுங்க" என்பது. காய்ச்சலாலும் இருக்கலாம், விஷத்தாலும் இருக்கலாம், அந்த முதல் ஊசியாலும் இருக்கலாம். எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "மலைக்குப் போனா எனக்குக் கேக்குமாங்க?" என்று அவர் கேட்டார். மிஸ் வெளியே போய்விட்டார். கடையில் ஆள் நிற்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு அந்த அம்மா கிளினிக்குக்கு வந்துபோனார். காது பரிசோதிக்கக் கண்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தோம், முறை வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு காலை நேரம், எங்கள் பிரிவு வாசலை ஒட்டிய நடைபாதையில் தோட்டத்துச் சனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மிஸ் என் கையை இறுக்கிப் பிடித்தார். பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று, பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகக் கேட்கும் குரலில், "அந்தா குளவி" என்றார். அடுத்த கணம் அந்த அம்மா சேலையைத் தலையில் இழுத்துக்கொண்டு, "குளவி! படுங்க! படுங்க!" என்று கத்திக்கொண்டே குப்புற விழுந்தார். வரிசை முழுக்கப் படுத்துவிட்டது! கிளினிக் புத்தகங்கள் பறந்தன, ஒரு தாத்தா உட்கார்ந்திருந்த வாங்குப் பலகைக்கு அடியில் போய்விட்டார். அட்டென்டன் அண்ணன் தன் தராசின் மேலேயே படுத்துக் கிடந்தார். நின்றவர்கள் மிஸ்ஸும் நானும், என்ன நடக்கிறதென்று புரியாத சின்ன டாக்டரும்தான். மிஸ் அழுதார், சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், ஓடிப்போய் அந்த அம்மாவைத் தூக்கினார். "என்னாங்க மிஸ், வெளையாட்டா இது? உசிரு போயி உசிரு வந்துச்சு!" என்று அந்த அம்மா விளாசித் தள்ளினார். ஏச்சுக் கொடுத்தே பழகியவர் அன்றைக்கு அத்தனை ஏச்சையும் நின்று வாங்கிக்கொண்டார்.

இப்போது எங்கள் பிரிவுக்கு எடை காட்டும் கட்டில்கள் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் எல்லாக் கட்டிலும் அப்படியில்லை, மின்சாரம் போகும் நாளும் உண்டு, அதனால் தராசு வாசலிலேயே இருக்கிறது. அட்டென்டன் அண்ணன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சின்ன டாக்டர் எங்கேயோ பெரிய டாக்டர் ஆகிவிட்டார். மருந்து மிஸ் மாற்றம் வாங்கிக் கிழக்கே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே வெயில் என்றும், டாக்டர்மார் இங்கிருந்ததைவிடப் பிடிவாதம் என்றும் போனில் புலம்புவார். போன வாரமும் எடுத்தார். வழக்கம்போல வீட்டுக்கதை, மழைக்கதை எல்லாம் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கேட்பது மாதிரி, "இன்னும் சொல்றாங்களா சிஸ்டர்?" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி உள்ளே வந்தது. தள்ளியவர் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த சிங்களப் பையன், மிஸ்ஸை அவன் கண்ணாலும் பார்த்ததில்லை. நான் போனை வாசல் பக்கம் நீட்டினேன்.

"வண்டி கழிச்சாச்சு! சிலிண்டர் கழிச்சாச்சு! கம்பளி கழிச்சாச்சு!"

போனைத் திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி சரி, வைங்க சிஸ்டர்" என்றார் மருந்து மிஸ். "கடையில ஆள் நிக்குது."